செஸ்வாஃப் நியெமென்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

போலந்தின் ராக் பாடகர் செஸ்வாஃப் நியெமெனைப் பற்றி யாரிடம் பேச்செடுத்தாலும் அதே சந்தேகங்கள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட ஒரே இடத்தில் எழுதி வைத்துவிடலாமே என்று தொகுத்தது இது. கேள்விகளைக் கேட்டவர்களின் பேச்சிலேயே விட்டிருக்கிறேன்.

யாருங்க இந்த நியெமென்? சுருக்கமா சொல்லுங்க.

பாடகர், இசையமைப்பாளர், பாடலாசிரியர், கீபோர்டு கலைஞர். 1939இல் பிறந்து 2004இல் மறைந்தார். 1960களில் போலந்து இளைஞர்களின் இசைக்கு அவர்தான் முகம். 1970களில் அதே இளைஞர்களைப் பழைய கவிதைகளும் ஜாஸும் கலந்த நீண்ட ராக் இசைக்குள் கூட்டிப் போனார். அதற்குப் பிறகு சிந்தசைசர் என்ற மின்னணு இசைக்கருவிகளோடு ஏறக்குறைய தனியாளாகவே வேலை செய்தார்.

வெற்றி கிடைத்த இடத்தில் அவர் தங்கியதே இல்லை. ஒரு பாணி ஊரெல்லாம் பிடித்துப்போன நேரத்தில்தான் அதை விட்டுக் கிளம்புவார். அவரைப் புரிந்துகொள்ள இந்த ஒன்று தெரிந்தால் போதும் என்பது என் எண்ணம். கீழே வரும் பல பதில்களும் இங்கேதான் வந்து நிற்கும்.

நியெமென் என்பது சொந்தப் பெயரா?

இல்லை. சொந்தப் பெயர் செஸ்வாஃப் யூலியூஷ் விட்ஜிட்ஸ்கி. 1963 கடைசியில் அவர் இருந்த குழு பாரிஸின் புகழ்பெற்ற ஒலிம்பியா அரங்கில் பாடப் போனது. அந்தக் குடும்பப் பெயர் வெளிநாட்டார் வாயில் நுழையாது என்பதால் மேடைக்கு வேறு பெயர் தேவைப்பட்டது. பிறந்த ஊர்ப் பக்கம் ஓடும் ஆற்றின் பெயரை எடுத்துக்கொண்டார். நியெமென் ஆறு இன்றைய பெலாரஸில் தோன்றி லித்துவேனியா வழியாகப் பால்டிக் கடல் பக்கம் போகிறது.

அவர் போலந்துக்காரரா, பெலாரஸ்காரரா? ரெண்டு மாதிரியும் போட்டிருக்காங்களே.

குழப்பத்துக்குக் காரணம் எல்லைக்கோடு. அவர் 1939 பிப்ரவரி 16 அன்று ஸ்தாரே வசிலிஷ்கி என்ற கிராமத்தில் பிறந்தபோது அது போலந்து. அதே ஆண்டு செப்டம்பர் 17 அன்று சோவியத் படைகள் உள்ளே வந்தன. குழந்தைக்கு அப்போது ஏழு மாதம். போருக்குப் பிறகு அந்தப் பகுதி சோவியத் பெலாரஸோடு போய்விட்டது. இன்று அது பெலாரஸின் குரோத்னோ வட்டாரத்தில் இருக்கிறது.

குடும்பம் போலிஷ் பேசும் கத்தோலிக்கக் குடும்பம். அப்பா பியானோவும் ஆர்கனும் சுருதி சேர்ப்பவர், பழுது பார்ப்பவர். பையன் ஊர்த் தேவாலயப் பாடகர் குழுவில் பாடினான். 1958இல் குடும்பம் போலந்துக்குப் பெயர்ந்து, வடமேற்கில் உள்ள பியாவோகார்ட் என்ற சிறு நகரில் குடியேறியது. கதான்ஸ்கில் இசைப் பள்ளியில் சேர்ந்து பஸூன் என்ற ஊதுகருவியைப் படித்தார். மாணவர் கிளப்பில் கிதாரோடு தென்னமெரிக்கப் பாடல்கள் பாடித்தான் மேடை ஏறினார். ஸ்தாரே வசிலிஷ்கியில் அவர் வளர்ந்த வீடு இப்போது அருங்காட்சியகம். பெலாரஸ் மக்களும் அவரைத் தங்களவர் என்று கொண்டாடுகிறார்கள். அதில் தப்பொன்றும் இல்லை.

கம்யூனிஸ்ட் நாட்டுல ராக் பாட விட்டாங்களா?

விட்டார்கள், ஆனால் வேறு பெயரில். ராக் அண்ட் ரோல் என்றால் மேற்கத்தியச் சீரழிவு என்று அதிகாரிகள் முகம் சுளிப்பார்கள். அதனால் பிரான்சிஷெக் வலிட்ஸ்கி என்ற இசை நிகழ்ச்சி ஏற்பாட்டாளரும் பத்திரிகையாளருமானவர் அதற்கு 'பிக்பீட்' என்று பெயர் வைத்தார். 1962இல் அவர் உருவாக்கிய குழுதான் நியெபியெஸ்கோ-சார்னி, அதாவது நீல-கறுப்பர்கள். அந்த ஆண்டு ஷ்செச்சினில் நடந்த இளம் திறமையாளர் போட்டி வழியாக நம் ஆள் அவர் கண்ணில் பட்டு, குழுவுக்குள் வந்தார்.

'போலந்து இளைஞர்கள் போலிஷ் பாடல்களைப் பாடுகிறார்கள்' என்பது அந்தக் குழுவின் முழக்கம். மேலிடத்தைச் சமாதானப்படுத்தச் சொன்ன வாசகமாகவும் அதைப் பார்க்கலாம். ஆனால் அதனால் விளைந்தது பெரிய நன்மை. மற்ற நாடுகளில் ஆங்கிலப் பாட்டைப் பார்த்துப் பாடிக்கொண்டிருந்த வயதில் இந்தப் பிள்ளைகள் சொந்த மொழியில் எழுதிப் பழகினார்கள். வானொலி, தொலைக்காட்சி, இசைத்தட்டு நிறுவனம் எல்லாமே அரசினுடையவை என்பதையும் மறந்துவிட வேண்டாம். நியெமெனின் நீள முடியையும் வண்ண வண்ண உடைகளையும் பத்திரிகைகள் பல வருடம் வாய்க்கு வந்தபடி திட்டின.

மார்லீன் டீட்ரிக் அவரோட பாட்டைப் பாடினாங்களாமே, நிஜமா?

நிஜம்தான். ஜெர்மனியில் பிறந்த புகழ்பெற்ற நடிகையும் பாடகியுமான டீட்ரிக் 1964 ஜனவரியில் வார்சாவில் கச்சேரி செய்ய வந்தார். அவருக்கு முன்னால் பாடியது நீல-கறுப்பர்கள். 'என்னை இன்னும் நினைவிருக்கிறதா' என்று தொடங்கும் நியெமெனின் பாட்டு டீட்ரிக்குக்குப் பிடித்துப் போய்விட்டது. அந்த மெட்டுக்கு ஜெர்மனில் தானே வரிகள் எழுதிப் பதிவு செய்தார். காதலியைக் கேட்ட பாட்டு அவர் கையில் தாயிடம் மன்னிப்புக் கேட்கும் பாட்டாக மாறிவிட்டது. நியெமெனுக்கு அப்போது 25 வயதுகூட ஆகவில்லை.

'விசித்திரமானது இந்த உலகம்' பாட்டுல அப்படி என்னதான் இருக்கு?

1967 ஓபோலே பாட்டு விழாவில் அக்வாரெலே என்ற தன் புதிய குழுவோடு அதைப் பாடினார். சொல்லும் மெட்டும் அவருடையவையே. விழாவின் சிறப்புப் பரிசு கிடைத்தது. அதே பெயரில் வந்த இசைத்தட்டு 1,60,000 பிரதிகளுக்கு மேல் விற்று, போலந்திலேயே முதல் தங்கத் தட்டு ஆனது.

பாட்டு மெதுவான நடை. பின்னால் ஆர்கன். சொல்லும் விஷயம் எளிது: மனிதனை மனிதன் இகழ்வது இத்தனை காலமாக நடக்கிறதே, கெட்ட சொல் ஒன்றாலேயே கத்தி மாதிரி கொல்கிறார்களே. ஆனால் நல்லெண்ணம் உள்ளவர்கள்தான் அதிகம், அவர்களால் இந்த உலகம் அழியாது, நமக்குள் இருக்கும் வெறுப்பை அழிக்க வேண்டிய நேரம் இது. காகிதத்தில் படித்தால் பள்ளி விழாப் பாட்டு மாதிரிகூடத் தோன்றும். குரல்தான் அதை வேறொன்றாக ஆக்குகிறது. 'உலகம்' என்ற சொல்லை அவர் மேலே தூக்கிப் பிடித்து, தொண்டை கிழிகிற எல்லை வரை கொண்டுபோய், அங்கிருந்து சட்டென்று தாழ்ந்த சுருதிக்கு இறங்குவார். நம்புகிற மனிதனின் கதறல் அது.

இன்னொன்றும் இருக்கிறது. அடுத்த மார்ச் மாதம், 1968இல், மாணவர் போராட்டத்தைப் போலீஸ் தடியால் அடித்து ஒடுக்கியது. கூடவே அரசே யூதர்களுக்கு எதிராக வெறுப்பைத் தூண்டி, ஆயிரக்கணக்கானவர்கள் நாட்டைவிட்டுப் போக வேண்டி வந்தது. பாட்டு அதற்கு முன்பே எழுதப்பட்டது. ஆனாலும் 'மனிதனை மனிதன் இகழ்வது' என்ற வரி அந்த வருடத்தில் எவ்வளவு கனத்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேதான் நான் அதை ஒவ்வொரு முறையும் கேட்கிறேன்.

அது ஜேம்ஸ் ப்ரௌன் பாட்டோட காப்பின்னு சொல்றாங்களே?

ப்ரௌன் 1966இல் பாடிய, 'இது ஆண்களின் உலகம்' என்று வரும் பாட்டோடு ஒப்பிடுகிறார்கள். இரண்டும் ஸோல் என்ற, கறுப்பின அமெரிக்கர்களின் உணர்ச்சி பொங்கும் பாணியில் அமைந்த மெதுவான பாடல்கள். இரண்டிலும் கதறல் உண்டு, இரண்டும் உலகத்தைப் பற்றிப் பேசுகின்றன. ப்ரௌன், ரே சார்ல்ஸ் போன்ற கறுப்பின அமெரிக்கப் பாடகர்களின் தாக்கம் நியெமெனிடம் காதுக்கே தெரிகிறது.

தாக்கம் வேறு, காப்பி வேறு. பாட்டின் பொருள் முற்றிலும் வேறு. குரலிலும் வசிலிஷ்கி தேவாலயத்தின் கூட்டுப் பாடல் கலந்திருப்பதாக எனக்குப் படுகிறது. இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டுக் கேளுங்கள், விளங்கிவிடும்.

பாட்டு வரிகள் எல்லாம் அவரே எழுதினதா?

இல்லை. ஆரம்பத்தில் சிலவற்றை அவர் எழுதினார், பலவற்றைப் பிறர் எழுதினார்கள். மேலே சொன்ன பாட்டு அவருடையது. 1969 வாக்கில் அவர் நூறு வருடத்துக்கு முந்தைய கவிஞர்களிடம் போனார். ஆதம் அஸ்னிக், கஸிமியெஷ் ப்ஷெர்வா-தெத்மாயர், எல்லாரையும்விட முக்கியமாகச் சிப்ரியான் கமில் நோர்வித். கடைசி இரண்டு தட்டுகளில் மறுபடி தன் சொந்த வரிகளுக்கே திரும்பினார்.

அந்தப் பதினாறு நிமிஷப் பாட்டை ஏன் எல்லாரும் தலையில தூக்கி வச்சு ஆடுறாங்க?

'எனிக்மாட்டிக்' என்ற 1970ஆம் ஆண்டுத் தட்டின் முதல் பக்கம் முழுக்க ஒரே பாட்டு: 'பெம் நினைவாக ஓர் இரங்கல் ராப்சோடி'. எழுதியவர் நோர்வித், 1851இல். யூசெஃப் பெம் போலந்துத் தளபதி. 1830இல் மூண்ட எழுச்சியில் ரஷ்யாவுக்கு எதிராகப் போரிட்டார். தோற்ற பிறகு நாட்டைவிட்டுப் போனார். 1848-49இல் ஹங்கேரியின் விடுதலைப் போரில் படை நடத்தினார். அதுவும் தோற்றதும் துருக்கிக்குப் போய் இஸ்லாம் தழுவி, ஒட்டோமான் படையில் சேர்ந்து, 1850இல் அலெப்போவில் இறந்தார். உடல் தாய்நாட்டுக்கு வந்து சேர 1929 ஆயிற்று.

நோர்வித் அந்த மனிதருக்குக் கற்பனையில் ஒரு சவ ஊர்வலம் நடத்துகிறார். பழங்கால வீரனுக்கு நடப்பதைப் போல. தீப்பந்தங்கள், பெண்களின் ஒப்பாரி, மண்பாண்டங்களைப் போட்டு உடைக்கும் சத்தம், கேடயங்களில் அடிக்கும் ஏவலர்கள், எஜமானின் குதிரை. ஊர்வலம் குழியோடு முடிவதில்லை. தூங்கும் நகரங்களை எழுப்பிக்கொண்டு, கோட்டைக் கதவுகளைத் தட்டிக்கொண்டு, பைபிளில் வரும் எரிகோ நகரின் மதில்கள் போல அவை விழும்வரை, 'முன்னே, இன்னும் முன்னே' என்று போய்க்கொண்டே இருக்கிறது. அப்போது போலந்து என்ற நாடே வரைபடத்தில் இல்லை என்பதை மனதில் வைத்துப் படிக்க வேண்டும். நோர்வித்தும் பாரிஸில் ஆதரவற்றோர் இல்லத்தில் 1883இல் யாரும் கவனிக்காமல் இறந்தவர்தான்.

நியெமென் இந்தக் கவிதையைச் சுருக்கவில்லை, பாப் பாட்டாக்கவில்லை. மணியோசையும் கூட்டுக்குரலும் ஹாமண்ட் ஆர்கனுமாக நீண்ட நேரம் இடத்தைத் தயார் செய்கிறார். அலிபாப்கி என்ற பெண்கள் குழு சொல்லில்லாமல் ஓலமிடுகிறது. பிறகுதான் குரல் வருகிறது. பின்னால் வாசிப்பவர்கள் அன்றைய போலந்து ஜாஸின் முதல் வரிசை: ஸ்பிக்னியெஃப் நமிஸ்வோவ்ஸ்கி, மிகாவ் உர்பானியாக், டிரம்ஸில் செஸ்வாஃப் பார்த்கோவ்ஸ்கி. இப்படிப்பட்ட தட்டும் போலந்தில் தங்கத் தட்டாக விற்றது. பள்ளிப் பாடத்தில் உறங்கிய கவிதையைப் பதினெட்டு வயதுக்காரர்கள் மனப்பாடமாகச் சொல்லும்படி செய்தது வேறு எந்த ராக் பாடகர் என்று எனக்குத் தெரிந்து ஒரு பெயர் சொல்ல முடியவில்லை.

நானும் கேட்டேன், பிடிபடலை. மொழி தெரியாம எப்படிக் கேக்குறது?

முந்தைய பதிலில் உள்ள ஊர்வலத்தை மனதில் வைத்துக்கொண்டு ஒரே மூச்சில் கேளுங்கள். நடுவில் நிறுத்தினால் போச்சு. முதல் சில நிமிடங்களில் பாடகர் வரவில்லையே என்று தள்ளிவிட வேண்டாம், அந்தக் காத்திருப்பும் சடங்கின் ஒரு பகுதி. குரல் வந்ததும் அது எங்கே தாழ்கிறது, எங்கே உடைகிறது என்று மட்டும் பின்தொடருங்கள். அதுவும் சரிவரவில்லை என்றால் அதே தட்டின் மறுபக்கத்தில் உள்ள 'ஒரே ஓர் இதயம்' என்ற அஸ்னிக்கின் காதல் கவிதைக்குப் போங்கள். ஒரு இதயத்தைத் தவிர வேறெதுவும் கேட்காத மனிதனின் பாட்டு. அது யாருக்கும் பிடிபடும்.

இவ்வளவு திறமை இருந்தும் உலகப் புகழ் ஏன் வரலை?

வாசல் வரை போனார். 1972இல் மியூனிக் ஒலிம்பிக்கை ஒட்டி நடந்த இசை விழாவில் சார்லஸ் மிங்கஸ், மகாவிஷ்ணு ஆர்க்கெஸ்ட்ரா போன்ற ஜாஸ் உலகின் பெரிய பெயர்களோடு மேடையேறினார். சிபிஎஸ் என்ற மேற்கத்திய இசைத்தட்டு நிறுவனம் அவரை ஆங்கிலத்தில் பாட வைத்து 1972, 1973, 1974 என்று வரிசையாக மூன்று தட்டுகள் போட்டது. கடைசித் தட்டில் மகாவிஷ்ணு ஆர்க்கெஸ்ட்ராவின் யான் ஹாமரும் ரிக் லேர்டும்கூட வாசித்திருக்கிறார்கள்.

இசை குறையில்லாதது. ஆனால் ஆங்கிலத்தில் அவர் சொற்களைச் சுமப்பது காதில் கேட்கிறது. போலிஷில் சொற்கள் அவரைச் சுமந்தன. அந்த நாளில் இரும்புத்திரைக்கு அப்பாலிருந்து வரும் ஒருவர் நினைத்தபோது பயணம் போய், மாதக்கணக்கில் ஊர் ஊராகக் கச்சேரி செய்து சந்தையைப் பிடிப்பதும் நடக்கிற காரியமில்லை. அவரும் அங்கேயே தங்கிவிட விரும்பியவரில்லை.

கூட வாசிச்சவங்க யாரு? அவங்க தனியா பெரிய குழு ஆனாங்களாமே?

மியூனிக் காலத்தில் அவரோடு இருந்த மூவர்: யூசெஃப் ஸ்க்ஷெக், கிதார் கலைஞர் அபோஸ்தொலிஸ் அந்திமோஸ், டிரம்மர் யெஷி பியோத்ரோவ்ஸ்கி. சிலேசியாவின் சுரங்க நகரங்களிலிருந்து 'சிலேசியன் புளூஸ் பேண்ட்' என்ற பெயரில் வந்தவர்கள். கூடவே டபுள் பாஸில் ஹெல்முட் நதோல்ஸ்கி, டிரம்பெட்டில் ஆந்த்ஷெய் ப்ஷிபியெல்ஸ்கி. 1973இல் வந்த இரண்டு தட்டுகள் இந்தக் கூட்டணியின் வேலை. முன்கூட்டி எழுதி வைக்காமல் அந்த நேரத்தில் மனதில் தோன்றியபடி வாசிக்கும் இசை அதிகம். பழகக் கொஞ்சம் நாளாகும். மூவரும் பிரிந்து போய் 1974இல் போட்ட முதல் நேரலைத் தட்டு போலந்து ராக்கின் தூண்களில் ஒன்று.

அப்புறம் விண்வெளி சத்தம் மாதிரி ஏதோ பண்ணினாராமே?

1976இல் வந்த 'கதார்சிஸ்' தட்டு. மெல்லோட்ரான் என்ற கீபோர்டு, மூக் சிந்தசைசர் எல்லாவற்றையும் தானே வாசித்துப் பதிவு செய்தார். புதிய அண்டத்தின் கண்டுபிடிப்பு, பால்வீதி என்று தலைப்புகளே அப்படித்தான். பாட்டுக் கேட்க வந்தவர்கள் திகைத்துப் போனார்கள். 1978இல் 'இதே ஃபிக்ஸ்' தட்டில் மறுபடி நோர்வித்.

ஆனால் மெட்டு அவரைவிட்டுப் போய்விடவில்லை. 1979இல் போலந்தின் சோபோட் நகரில் நடந்த, கம்யூனிஸ்ட் நாடுகளின் இன்டர்விஷன் பாட்டுப் போட்டியில் யாரோஸ்வாஃப் இவாஷ்கியேவிச்சின் கவிதைக்குத் தான் மெட்டமைத்த 'வசந்தம் வரும் முன்னே' பாட்டைப் பாடி முதல் பரிசு வாங்கினார். எனக்கு அவருடைய பாடல்களிலேயே மிகவும் பிடித்தவற்றில் ஒன்று அது.

ராணுவச் சட்ட காலத்துல அரசாங்கத்துக்கு ஆதரவா பேசினார்னு கேள்விப்பட்டேன். உண்மையா?

1981 டிசம்பர் 13 அன்று போலந்தில் ராணுவச் சட்டம் வந்தது. பல கலைஞர்கள் அரசுத் தொலைக்காட்சியைப் புறக்கணித்தார்கள். அந்தக் காலத்தில் நியெமென் பேசியதைத் தொலைக்காட்சி வெட்டி ஒட்டி, அவர் ராணுவச் சட்டத்தை ஆதரிப்பது போல ஒளிபரப்பியது. பார்த்தவர்கள் அப்படியே நம்பினார்கள். அவருக்கு மறுத்துப் பேச இடம் ஏது? ஊடகம் எல்லாம் அரசின் கையில் என்று மேலேயே சொன்னேன். அந்தப் பழி பல வருடம் அவரைத் துரத்தியது. இன்றும் பாதிக் கதையை மட்டும் கேட்டுவிட்டு அவரைக் குறை சொல்கிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது.

கடைசி வருஷங்கள்ல என்ன பண்ணினார்?

வார்சாவில் வீட்டிலேயே ஒலிப்பதிவுக் கூடம் வைத்துக்கொண்டு தனியாக வேலை செய்தார். கணினியில் படங்களும் வரைந்தார். 1989இல் 'தெரா தெஃப்லோராதா', பிறகு பன்னிரண்டு வருட இடைவெளி, 2001இல் கடைசித் தட்டு. இரண்டிலும் சொல், இசை, கருவி எல்லாம் அவரே. பழைய குரலைத் தேடிப் போகிறவர்களுக்கு அந்த மின்னணு ஓசை அன்னியமாகப்படும், எனக்கும் முழுதாக ஒட்டவில்லை. ஆனால் வரிகளில் அவர் 1967இல் கேட்ட கேள்விகளையே கேட்கிறார்.

2004 ஜனவரி 17 அன்று புற்றுநோயால் வார்சாவில் இறந்தார். அஸ்தி பழைய பொவோன்ஸ்கி கல்லறைத் தோட்டத்தில் வைக்கப்பட்டிருக்கிறது. 2009இல் போலந்தின் மத்திய வங்கி அவர் உருவத்தோடு நாணயங்கள் வெளியிட்டது.

வார்சா கால்பந்து ரசிகர்கள் பாடுறது அவர் பாட்டா?

ஆம், 'வார்சாவைப் பற்றிய ஒரு கனவு'. 1966இல் மரேக் கஷின்ஸ்கி எழுத, நியெமென் மெட்டமைத்துப் பாடியது. அவர் இறந்த ஆண்டிலிருந்து லெகியா வார்சா அணியின் ஆட்டம் தொடங்கும் முன் ரசிகர்கள் எழுந்து நின்று, கழுத்துத் துணியைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு பாடுகிறார்கள். உனக்கு ஒரு ஊர் இருப்பதுபோல எனக்கும் ஒன்று உண்டு, அங்கே விடியலைக் காட்டுகிறேன் வா என்று கூப்பிடும் பாட்டு. எல்லை மாறியதால் பிறந்த ஊரை விட்டு வந்தவர் பாடியது என்பது தெரிந்து கேட்டால் இன்னும் உறைக்கும்.

சரி, எதுலேர்ந்து ஆரம்பிக்கட்டும்? ஆங்கிலத் தட்டு போதாதா?

போதாது, காரணத்தை உலகப் புகழ் பற்றிய பதிலில் சொல்லிவிட்டேன். முதலில் 1967 தட்டை முழுதாகக் கேளுங்கள். அதில் ஸோல் இசையின் துள்ளலும் உண்டு, கதறலும் உண்டு. அடுத்து சோபோட் பாட்டு. பிறகு 'எனிக்மாட்டிக்', மறுபக்கத்திலிருந்து தொடங்கி ராப்சோடிக்கு வாருங்கள். 1973 தட்டுகளை அதற்கு அப்புறம் வைத்துக்கொள்ளலாம். 'கதார்சிஸ்' பிடிக்குமா என்பது உங்களுக்கு சிந்தசைசர் இசை பழக்கமா என்பதைப் பொறுத்தது. பழக்கமில்லை என்றால் அதைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள், அவசரமில்லை.